கதவில் நான் எழுதிய 'நாளை வா'

என் மகளைத் தேடி ரத்தக்காட்டேரி வருகிறது என்று ஐம்பத்திரண்டு வயதில், மீசையை வைத்துக்கொண்டு நம்பியவன் நான்.

திண்டிவனத்தில் எங்கள் வீடு. மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது மூன்றாவது மாதம். கண்படும் என்று வெளியே சொல்லவில்லை. விழுப்புரத்தில் ஸ்கேன் எடுக்கப் பணம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் உச்சி வெயில். தெருவில் ஆளரவமே இல்லை. வாசலில் ஒரு பெண்குரல் "ஸ்டெல்லா…" என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். முகத்தைத் துணியால் மூடிய உருவம் ஒன்று அசையாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. கர்ப்பிணியை ஒருமுறை மட்டும் கூப்பிடுவது காட்டேரிதான், பதில் கொடுத்தால் பிள்ளை தங்காது என்பார்கள். மகளின் வாயைப் பொத்தினேன். அது போனதும், கதவிலிருந்த சிலுவைக்குக் கீழேயே கரியால் 'நாளை வா' என்று எழுதினேன். படித்துவிட்டுத் திரும்பிவிடுமாம்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தது. நின்று படித்துவிட்டுப் போனது. மூன்றாம் நாளும் அப்படியே. எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

நான்காம் நாள் ஸ்டெல்லா என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"நாளைக்கி வா, நாளைக்கி வான்னா எத்தினி நாளுங்க வெயில்ல வந்துக்கினே இருக்கறது?" என்று முகத்துணியை அவிழ்த்தார் எங்கள் பகுதி நர்சம்மா. "ஸ்டெல்லா மாசமா இருக்கறத உங்க மாப்பிள்ளைதான் போன்ல சொன்னாரு. பன்னெண்டு வாரத்துக்குள்ள பேரு பதிஞ்சாதான் அரசாங்க உதவிப் பணம் வரும். நாளையோட முடியுது!"

"அப்பா, உன் காட்டேரி நோட்டு எடுத்துக்கினு வந்திருக்குது, பாரு" என்றாள் மகள்.

இப்போதெல்லாம் யார் ஒருமுறை கூப்பிட்டாலும் ஓடிப்போய்த் திறக்கிறேன். ஸ்டெல்லாவின் பெயர் அன்றே பதிவானது. அந்த உதவிப் பணத்தில்தான் விழுப்புரத்தில் ஸ்கேனும் எடுத்தோம்.