தம்பி கடைக்கு எதிரே

கோவையில் வீடில்லாதவர்களைப் பற்றி நாங்கள் கைக்காசு போட்டு ஆவணப்படம் எடுத்தபோது அவரைச் சந்தித்தேன். காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு நேரெதிரே பிளாட்பாரத்தில் படுத்திருப்பார். தினமும் காலையில் குழாயடியில் முகச்சவரம் செய்து, தலையைப் படிய வாரிக்கொள்வார்.

படத்தில் முகத்தை மறைத்துவிடுகிறோம் என்றேன். பதறிவிட்டார்.

“ஏனுங்க, மறைச்சுப்போட்டா என்னைய யாருன்னு எப்படிங்க தெரியும்? அதுக்காவத்தானுங்க தாடியே உடறதில்ல. அந்தக் கடை என்ற தம்பியோடதுங்க. சோமனூர்ல என்ற தறியையும் ஊட்டையும் ஏமாத்தி எழுதி வாங்கிப்போட்டுத்தான் இதைத் தொறந்தான்.”

விடுதியில் இடம் பிடித்துத் தந்தோம், போக மறுத்தார். ஒருநாள் தம்பியே சாலையைக் கடந்து வந்தார்.

“வாங்கண்ணா, ஊட்டுக்குப் போலாம். கடைக்கு வர்றவங்கெல்லாம் உங்களப் பத்தியே கேக்கறாங்க.”

“கேக்கட்டும் கண்ணு. நீ பதில் சொல்லு” என்று சிரித்தார் இவர்.

படம் முடிந்து வெகுநாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். தம்பி கடையைக் காலி செய்துவிட்டு ஈரோட்டுக்குப் போய்விட்டாராம். பிளாட்பாரமும் காலியாக இருந்தது. டீக்கடைக்காரரிடம் இவரைப் பற்றி விசாரித்தேன்.

“அவருங்களா? அடுத்த வாரமே அவரும் ஈரோட்டுக்கு பஸ் ஏறிட்டாருங்க.”

அந்தத் தம்பியை நினைத்துப் பரிதாபப்பட முயன்றேன். சிரிப்புதான் வந்தது.