புருஷன்களை வாசலுக்குக் கிளப்புகிறவள்

பெண்களின் வாழ்க்கையை ஆராயும் அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வாயாடி அக்கா. வேலையும் அதுதான். ஆராய்ச்சி மேடம் கேள்வித்தாளோடு ஒரு வீட்டுக்குள் போய் மனைவியிடம் ஏதாவது கேட்டால், புருஷன் முந்திக்கொள்வான். "இவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன், எழுதிக்குங்க." அவன் பக்கத்தில் இருக்கிறவரை அவள் சொல்வதும் அவனுடைய பதில்தான் என்பது மேடத்தின் கட்சி. ஆகவே அவனை வாசலுக்குக் கிளப்பிக்கொண்டு போய், ஒரு மணி நேரம் பேச்சில் கட்டிப்போடுவது அக்காவின் பொறுப்பு.

பதினெட்டு வருஷம். மூட்டு வலி, மோட்டார் ரிப்பேர், தம்பி அமுக்கிக்கொண்ட நிலம் என்று எத்தனை ஆண்களின் புராணத்தைக் காது புளிக்கக் கேட்டிருப்பாள்! மாமியார்கள் வேறு. உள்ளே அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். சிலர் பத்து வயது குறைந்தாற்போல வருவார்கள். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் சொல்லக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனாலும் அக்காவுக்குப் பொறாமையாக இருக்கும். தன்னையும் இப்படி உட்காரவைத்து யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்குவாள். இந்த வயதில் இது ஒரு ஆசையா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஏன், ஆசைக்கு வயது ஒரு தடையா?

ஓய்வு பெறும் வாரத்தில் கேட்டேவிட்டாள்.

"மேடம், என்னையும் ஒரு தடவை கேளுங்களேன்."

மேடத்தின் முகம் சுண்டிப்போனது. "இத்தனை வருஷமா எனக்குத் தோணவே இல்லையேக்கா! நாளைக்கு உங்க வீட்டுக்கே வர்றேன்."

மறுநாள் அக்கா தன் ஒற்றை அறையை இரண்டு முறை பெருக்கினாள். இருந்தது ஒரே நாற்காலி. இன்னொன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிவந்தாள். சொல்லவேண்டியதையெல்லாம் விடிந்ததிலிருந்து மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தாள்.

மேடம் வந்தார். பேனாவைத் திறந்து, ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்பதைப் பழக்கத்தில் கேட்டார்.

"வீட்டுல வேற யாராவது இருக்காங்களா? கொஞ்ச நேரம் வெளியே கூட்டிட்டுப் போகணுமே."

அக்காவும் பழக்கத்தில் சட்டென்று எழுந்துவிட்டாள். எழுந்தவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், அடுப்பு, இரவல் நாற்காலி.

"யாரும் இல்ல மேடம்," என்று உட்கார்ந்தாள்.

அடுக்கிவைத்ததில் ஒரு வார்த்தைகூட அப்புறம் வாயில் வரவில்லை.