வல்லெட்டா துறைமுகத்தில் வேன் ஓட்டிய அந்தோணி

அந்தோணி இறந்துபோன செய்தி எனக்குப் பெட்ரோல் பங்கில் கிடைத்தது. உத்திரமேரூரில் எங்கள் அரிசி மில் வண்டிக்கு டீசல் போட நின்றிருந்தேன். பின்னால் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து, "விஷயம் தெரியுமா சார்? நம்ம அந்தோணி அண்ணன் பூட்டாரு" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்கிறாரோ என்று நினைத்தேன். அவருக்கு வேறு ஊரே இல்லை என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

ஒரகடம் கம்பெனிக்கு இரவு ஷிப்ட் ஓட்டிவிட்டு வந்து, இட்லி தின்று படுத்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்து அவர் மனைவி செல்வி டிவி சத்தத்தைக் குறைத்திருக்கிறார். வாசலில் மீன் விற்றவரைக் கூவாமல் போகச் சொல்லியிருக்கிறார். மதியம் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

இங்கே அவரைக் கம்பெனி பஸ் டிரைவராக அறிந்தவர்கள் நிறைய. நான் அவரை அறிந்தது மத்தியதரைக் கடலில், மால்டா என்கிற சின்னத் தீவில். அதன் தலைநகரமான வல்லெட்டாவில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம்.

அவர் திருப்புலிவனத்தை அடுத்த காலனியைச் சேர்ந்தவர். என் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். எங்கள் நிலத்தில் அவருடைய அம்மா நடவுக்கு வந்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அறைக்கு வந்த முதல் வாரம் என்னை "நீங்க", "வாங்க" என்றே அழைத்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோறு வடித்துத் தட்டில் போட்டுக் கொடுத்தபோது சிரித்துவிட்டார்.

"இன்னாண்ணே சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. உங்க வூட்டு வாசல்ல நின்னுதான் எங்கம்மா கூலி வாங்கும். இங்க நீ வடிக்கிற, நான் துன்னுகினு கீறேன். இத்த பாக்க அது இல்ல."

அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி.

வல்லெட்டா ஒரு குன்றின்மேல் இருக்கிற ஊர். கீழே துறைமுகம், நீருக்கு அக்கரையில் பழைய குடியிருப்புகள். இரண்டு கரைக்கும் நடுவே ஃபெர்ரி ஓடும். வேலைக்குப் போகிறவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், காய்கறி வாங்க வருகிறவர்களும் அதில்தான் வருவார்கள். நான் அந்தப் படகில் கயிறு கட்டுகிற, டிக்கெட் பார்க்கிற ஆள். சொகுசுக் கப்பலில் வருகிறவர்களைத் துறையிலிருந்து மேலே ஊர்வாசல்வரை ஏற்றி இறக்குகிற வேன் டிரைவர் அந்தோணி. வாடகை குறைவென்று எங்கள் அறை அக்கரையில் இருந்தது. அதனால் அவரும் தினம் என் படகில்தான் வருவார், போவார்.

நாங்கள் போன புதிதில் ஒரு கப்பல் வந்தால் மறுநாள் துறை காலியாக இருக்கும். பிறகு ஒரே நாளில் இரண்டு, மூன்று என்று வந்து நின்றன. ஒவ்வொன்றும் அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி, வெயிலையே மறைக்கும். அதிலிருந்து இறங்குகிறவர்கள் வேடிக்கை பார்க்க ஃபெர்ரியில் ஏறிக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் பையோடு கரையில் நிற்பார்கள். "இடமில்லை, அடுத்த படகு" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது. அந்தோணி இரவு ஷூவைக் கழற்றும்போது கால் வீங்கியிருக்கும். "கப்பல் ஜாஸ்தியாச்சு, டிரைவர் ஜாஸ்தியாவல" என்பார். அதற்குமேல் பேசத் தெம்பு இருக்காது இருவருக்கும்.

கார்மெனா என்று ஒரு கிழவியம்மா தினம் படகில் வருவார். அவருடைய கணவர் குன்றின்மேல் முதியோர் இல்லத்தில் நினைவு தப்பிப் படுத்திருந்தார். மதியச் சோற்றை ஊட்டிவிட்டு வீடு திரும்புவார். எங்கள் இருவரோடும் உடைந்த ஆங்கிலத்தில் பேசுவார். அந்தோணியின் ஆங்கிலமும் உடைந்ததுதான், ஆகவே இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

ஒருநாள் வடகிழக்குக் காற்று பலமாக அடித்து, மதியத்தோடு ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்கள். கரையில் சிக்கிக்கொண்டவர்கள் மேலேறிப் போய், பஸ் பிடித்துத் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். துறையிலிருந்து குன்றின்மேல் போகிற லிஃப்டில் கப்பல் பயணிகளின் வரிசை தெருவரை நீண்டிருந்தது. கார்மெனா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கயிறு கட்டுகிற இரும்புக் குற்றியின்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் அந்தோணி காலி வேனோடு வந்தார்.

"இன்னா தம்பி, அம்மா காத்துல குந்தினு கீது?"

சொன்னேன்.

"ஏறச் சொல்லு. நிக்கிறவங்களையும் கூப்புடு."

"அண்ணே, கம்பெனி வண்டி. கப்பல் ஆளுங்களுக்கு மட்டும்தான்."

"கப்பல் ஆளுங்க சாயங்காலம்தான் திரும்புவாங்க. வண்டி சும்மாதானே கீது."

வேன் நிறைய ஏற்றிக்கொண்டு போனார். அக்கரையில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டுத் திரும்புகையில் வழியில் வண்டிகள் நெருக்கி நின்றுவிட்டன. சாயங்காலம் மேலே ஊர்வாசலில் அவருக்காகக் காத்திருந்த கப்பல் பயணிகள் காற்றில் நடுங்கிப்போய்ப் புகார் செய்தார்கள். யாரும் கப்பலைத் தவறவிடவில்லை. என்றாலும் மறுநாள் மேலாளர் கூப்பிட்டுவிட்டார்.

"வண்டி ரிப்பேர்னு சொல்லிடுங்கண்ணே" என்று நான் கெஞ்சினேன்.

"அப்டி சொன்னா அந்த அம்மாவ ஏத்தினதே தப்புன்னு ஆயிடும்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளதைச் சொன்னார். வேலை போயிற்று. அங்கே தங்குகிற அனுமதி வேலையோடு கட்டப்பட்டது. வேறு வேலை தேடக் கொடுத்த அவகாசம் போதவில்லை. எங்கெங்கோ ஏறி இறங்கினார். ஒரு மாலை, பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தபடியே சொன்னார்:

"கார்மெனா அம்மாகிட்ட காரணத்த சொல்லாத. அப்புறம் படகு நிக்கிறப்ப அது யாரு வண்டிலயும் ஏறாது."

அவர் போனபின் அந்த அம்மா என்னிடம் டோனி எங்கே என்று கேட்டார்; அந்தோணியை அப்படித்தான் அழைப்பார். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். "மனைவியிடமா?" ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லது, ரொம்ப நல்லது. ஒரு மனுஷன் தன் வீட்டுக்குப் போகவேண்டும்" என்று சொல்லி, என் கையைத் தட்டிவிட்டுப் படகில் ஏறினார். நான் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டேன்.

அடுத்த பருவத்தில் கப்பல்கள் இன்னும் கூடின. பிறகு நானும் ஊர் திரும்பிவிட்டேன். அந்தோணியைக் கம்பெனி பஸ்ஸில் பார்த்தேன். அவருடைய மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கட்ட ஆரம்பித்த வீட்டுக்கு இன்னும் பூச்சு வேலை ஆகவில்லை. ஒருமுறை கேட்டேவிட்டேன், "வருத்தமா கீதாண்ணே?"

"கீது. இல்லன்னு சொன்னா கர்த்தரே நம்ப மாட்டாரு. செல்வி எங்கிட்ட ஒரு மாசம் பேசல. அது கேட்டதுலயும் நியாயம் கீது, நம்ம வூட்ட யாரு பாப்பாங்கன்னு. ஆனா திரும்ப அப்டி ஒருநாள் வந்தாலும் ஏத்தத்தான் செய்வேன். இன்னா பண்றது, சொல்லு."

அவரை அடக்கம் செய்தது, இறந்த மறுநாள் மதியம். கல்லறைத் தோட்டம் சாலையோரம்தான். பெட்டியைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். பாதிரியார் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். வெயில் தாங்காமல் செல்வி குடையின்கீழ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுது முடித்திருந்தார்.

அப்போது இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ் சாலையில் வந்து நின்றது. அந்தோணி ஓட்டிய ரூட். யூனிபார்மும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அன்று ஓட்டி வந்த மாற்று டிரைவர் தன் குடிநீர்க் கேனைச் சாய்த்துப் பிடிக்க, அதில் கை கழுவிக்கொண்டு மறுபடி ஏறினார்கள். நேரமாகிவிட்டது. ஒரு பெண் மட்டும் கடைசியாக ஏறி, படியில் நின்றபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்தது. டிரைவர் ஹாரன் அடிக்காமல், மெதுவாகவே அந்த வளைவைக் கடந்தார்.

படுங்கள் அண்ணே. பஸ் போய்விட்டது. எல்லோரும் ஏறிவிட்டார்கள்.