இடது பக்கத்து விமானங்கள்

போன வருஷம் மழைக்காலம் தொடங்கியிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டு ஹாலில் இது நடந்தது. என் வீடு கார்னர் வீடு, இரண்டு மாடி. சாஆ ஊர்ப் பக்கம் எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், ஜொகூர் பாருவில் பஞ்சர் ஒட்டிப் பிழைத்து, இன்றைக்கு மூன்று டயர் கடைக்கு முதலாளி. எவன் தயவும் இல்லை. இதைச் சொல்லாமல் எனக்கு எந்தக் கதையும் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயர் கடையில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்துக் காப்பிக் கடையில் காசு போட்டு ஆடும் கேம் மெஷின் ஒன்று இருந்தது. விமானச் சண்டை. நம் விமானம் கீழே பறக்கும், எதிரி விமானங்கள் மேலிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் பாயும். ஒரு காசைப் போட்டேன் என்றால் கடை மூடும்வரை ஆடுவேன். சீனப் பையன்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு என் பின்னால் வந்து நிற்பார்கள். அந்த மெஷினில் முதலிடத்தில் என் பெயரின் மூன்று இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கும். எனக்கு எழுதத் தெரிந்த இங்கிலீஷும் அந்த மூன்று எழுத்துதான்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள், பழைய ஆட்டங்கள் எல்லாம் அடங்கின புது மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அதே விமானம், அதே சத்தம். டிவி அகலம் என்பதால் படம் நடுவில் நிற்கும், இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை இருக்கும். அதைவிட எனக்குப் பிடிக்காத ஒன்று, ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கலாம் என்பது. காப்பிக் கடை மெஷினில் அதெல்லாம் கிடையாது. தும்மினால்கூட செத்தோம். நிறுத்தி நிறுத்தி ஆடுவதற்குப் பெயர் ஆட்டமா?

அன்றைக்கு என் மச்சினன் சாஆவிலிருந்து வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லாரி ஓட்டி ஓய்ந்தவன். அந்தக் காலத்திலேயே என்னோடு நின்று ஆடினவன், ஒரு தடவைகூட என்னை ஜெயித்ததில்லை. சோபாவில் என் இடது பக்கம் உட்கார்ந்தான். முதல் ஆட்டத்தில் வழக்கம்போல பாயின்டில் அவனை ஒழித்துக் கட்டினேன். என் மனைவி டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டு இரண்டாவது ஆட்டம்.

என் விமானம் வெடித்தது. எதில் மோதியது என்றே தெரியவில்லை. மறுபடி வந்தேன், மறுபடி வெடித்தது. வானம் காலியாகத்தான் இருக்கிறது, திடீரென்று என் விமானம் மட்டும் தீப்பிடிக்கிறது.

"அலமாக்! என்ன மச்சான், தாத்தா ஆயிட்டீங்களா? ப்ளேன் தானா போய் முட்டுது லா!" என்று அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"போடா மாப்ள. மெஷின் ஏமாத்துது. இடது பக்கத்துப் பட்டை உள்ள வந்து படத்த மறைச்சிருக்கு பாரு."

"பட்டை இருந்த இடத்துலதான் இருக்கு."

"அப்ப கன்ட்ரோலர் சரியில்ல. அத இங்க குடு."

மாற்றிக்கொண்டோம். அவன் நன்றாக ஆடினான். நான் செத்துக்கொண்டே இருந்தேன். அவன் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. திடீரென்று படம் அப்படியே நின்றது. அவன்தான் நிறுத்தியிருந்தான்.

"எவன்டா நிறுத்தச் சொன்னது?"

"சும்மா கேக்குறேன் மச்சான். எத்தன ப்ளேன் நிக்குது, சொல்லுங்க."

"ரெண்டு."

அவன் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அஞ்சு நிக்குது மச்சான்" என்றான்.

எழுந்து போய் டிவியில் விரலால் தட்டினான். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினேன். ஐந்து விமானம் நின்றது. திரும்ப நேராகப் பார்த்தேன். இரண்டு.

ஆனால் என் வாய் இருக்கிறதே, அது அடங்குகிற வாயா? டிவி கெட்டுவிட்டது, மெஷினை விற்றவன் ஓட்டை மெஷினை என் மகள் தலையில் கட்டிவிட்டான், இப்போதே கடைக்குப் போய் அவனை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்று கார் சாவியை எடுத்தேன். வாசலைத் தாண்டும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது. வலித்தது, நிற்கவில்லை. என் மனைவி பின்னாலேயே, "என்னங்க, மழை வரப்போவுது, நாளைக்குப் போலாம்" என்றாள். அவள் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்?

காரில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன். எதிரே கேட் திறந்திருந்தது. கேட் தூணில் இடிக்காமல் இருக்க இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்கப் போனேன். கண்ணாடி இல்லை. உடைந்துபோய் இல்லை என்று சொல்லவில்லை. அங்கே அப்படி ஒரு பொருளே இல்லை.

அப்போது காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். "மச்சான், எஞ்சின நிறுத்துங்க."

யாரும் ஏறினதை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை. பேச்சு கேட்கிறது, ஆளைக் காணோம். கழுத்தைத் திருப்பத் திருப்ப, முதலில் ஒரு மூக்கு முளைத்தது, பிறகு அரை மீசை, பிறகு என் மச்சினனின் முழு முகம். அவன் கண் கலங்கியிருந்தது. இத்தனை நேரமும் என் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நான் ஓட்டினால் என்னோடு சாவதற்குத் தயாராக ஏறியிருக்கிறான்.

எஞ்சினை அணைத்தேன். சாவியை உருவி அவன் கையில் வைத்தேன். ரோட்டில் மோட்டார் சைக்கிள்காரர்கள் எந்தப் பக்கத்தில் ஒட்டி வருவார்கள் என்பது டயர் கடைக்காரனான எனக்குத் தெரியாதா? அன்றைக்கு அந்த கேட்டைத் தாண்டியிருந்தால், எவன் வீட்டுப் பிள்ளையையோ கொன்றுவிட்டு, அது தெரியாமலே போய்க்கொண்டிருந்திருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கு அவன் ஓட்டினான். என் மனைவி பின் சீட்டில் சாமி பெயர்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பெர்மாஸ் பாலத்தில் போகும்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். எந்தக் கண்ணை மூடினாலும் வலது பக்கம் ஆறு தெரிந்தது. இடது பக்கம் ஆறும் இல்லை, பாலமும் இல்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும் வந்தது, பிறகு எங்கிருந்தோ குதித்ததுபோல் என் மூக்குக்கு முன்னால் ஒருவன் போனான். நான் கத்திவிட்டேன். கடனுக்குப் பயப்படாதவன், குண்டர்கள் கடைக்கு வந்து மிரட்டினபோது ஸ்பானரைத் தூக்கினவன், ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கத்தினேன். அடுத்தது வலது பக்கமும் போய்விடுமா, என் மனைவியின் முகத்தை முழுசாகப் பார்த்தாகிவிட்டதா என்றெல்லாம் ஓடியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் கேட்ட முதல் கேள்வியே இது எப்போது ஆரம்பித்தது என்பதுதான். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்திருக்கலாம், அடைப்பைக் கரைக்கிற மருந்துக்கு நேரக் கணக்கு உண்டு, நேரம் தெரியாவிட்டால் கொடுக்க முடியாது என்றாள். எனக்குத் தெரியவில்லை. என் உடம்பில் நடந்தது எனக்கே தெரியவில்லை.

மச்சினன்தான் முன்னால் வந்தான். "மொத ஆட்டத்துல இவரு இடது பக்கம் வந்ததுல ஒண்ணக்கூட விடல டாக்டர். பாயின்ட்ல என்னக் காலி பண்ணிட்டாரு. அக்கா டீ குடுத்தாங்க, குடிச்சிட்டு ஆடுனதுலேர்ந்துதான் இப்படி." டீ கொடுத்த நேரத்தை என் மனைவி சொன்னாள். டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

ஸ்கேன் எடுத்துவிட்டு மருந்து ஏற்றினார்கள். அந்த ராத்திரி முழுக்கக் கண்ணை மூடப் பயந்து கிடந்தேன். விடியும்போது என் இடது பக்கத்து நாற்காலியில், வாயைத் திறந்துகொண்டு தூங்கும் மச்சினன், கழுத்தைத் திருப்பாமலே தெரிந்தான். அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அவனிடம் அதைச் சொல்லவில்லை. மூஞ்சியைக் கழுவிட்டு வாடா என்றேன்.

இடது பக்கம் கீழ் மூலையில் மட்டும் கொஞ்சம் திரும்பி வரவே இல்லை. கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன். ஆட்டத்தில் இப்போது அவன் என்னை ஜெயிக்கிறான், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், திரியட்டும். நிறுத்துகிற பட்டனை மட்டும் இப்போது நான் கேலி செய்வதில்லை.

பார்வை போன பக்கம் இருட்டாகவாவது தெரிந்திருந்தால் சோபாவிலேயே பயந்திருப்பேன். ஆனால் அது அப்படித் தெரியவில்லை, அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் தெரிந்தது, நானும் சத்தியம் பண்ணினேன். அதனால்தான் இன்றைக்கும் ஒன்றை 'இல்லை' என்று அடித்துச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், என் கை தானாக இடது பக்கம் போய், அங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று தொட்டுப் பார்க்கிறது.