அந்தமான் தண்ணீரின் நிறம்: மூன்று பட்ஜெட்டும் ஒரு காலண்டரும்

அந்தமானுக்கு இரண்டு பேர் போய்வர எவ்வளவு ஆகும், குறைந்த செலவில் வழி உண்டா, படங்களில் காட்டுகிற அந்தத் தண்ணீர் நிஜமாகவே அந்த நிறம்தானா என்று போன வாரம் இங்கே ஒருவர் கேட்டிருந்தார். இன்றைய விலைவாசி எனக்குத் தெரியாது. நான் போனது 1985 மார்ச்சில். போயிருக்க வேண்டியது 1982ல். நடுவில் மூன்று வருடம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். திட்டம் போடுகிறவர்களுக்கு என் முட்டாள்தனமாவது பயன்படட்டும்.

அப்போது நான் பாண்டிச்சேரியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். சம்பளம் 550 ரூபாய். வீடு நெல்லித்தோப்பில். என் மனைவி அமலா வீட்டிலிருந்தபடியே எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பாள். 1982 ஜனவரியில் அவள் ஊசியில் நூல் கோக்கத் தடுமாற ஆரம்பித்தாள். பொழுது சாய்ந்தால் வாசற்படியில் இடித்துக்கொண்டாள். மெட்ராஸில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், இரண்டு வருடம், மிஞ்சிப் போனால் மூன்று, இதற்கு மருந்து கிடையாது என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்!

பஸ்ஸில் திரும்பி வரும்போது திண்டிவனம் வரை அமலா வழியில் வந்த ஊர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். அப்புறம், "அந்தக் காலண்டர்ல இருக்குதே, அந்த எடத்தப் பாக்கணுங்க" என்றாள்.

கடைக்கு ஒரு மருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டரை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதில் மார்ச் மாதத்துக்கு அந்தமான் தீவு ஒன்றின் படம். வெள்ளை மணல், கரையோரம் பச்சையாகத் தொடங்கிப் போகப் போக நீலமாகிற தண்ணீர். அமலா அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துத் தையல் மிஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள். "தண்ணி நெசமாவே இந்த நெறமா இருக்குமா, இல்ல பெயின்ட் அடிச்சிட்டானா?" என்று அடிக்கடி கேட்பாள். எங்கள் ஊர்க் கடல் எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அலை எழும்போதே மண்ணைக் கலக்கிக்கொண்டு எழும். சைக்கிளில் பத்து நிமிடத்தில் கடலை வைத்துக்கொண்டு இன்னொரு கடலைப் பார்க்க மெனக்கெடுவதா என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்தார்கள். அவளுக்கு டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது.

மறுநாளே ஒரு நோட்டில் மூன்று திட்டம் எழுதினேன். மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழியில் சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பல் மூன்று நாள் எடுக்கும், பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒன்று புறப்படும். முதல் திட்டம், கப்பலின் கீழ்த்தளத்தில் அடுக்குப் படுக்கை. பங்க் என்பார்கள். ஒரு வழிக்கு ஆளுக்கு 110 ரூபாய், சாப்பாடு நாளுக்குப் பதினைந்து. அங்கே போய் ஒரு வாரம் மலிவான அறையில் தங்கித் திரும்பினால் இரண்டு பேருக்கும் சேர்த்து 900 ரூபாயில் முடிந்துவிடும். இரண்டாவது, வட்டக் கண்ணாடி ஜன்னல் வைத்த கேபின். ஆளுக்கு 360. கொஞ்சம் நல்ல அறை என்றால் எல்லாம் சேர்ந்து 2,400. மூன்றாவது விமானம், 4,600. அதை எழுதியது சும்மா அழகுக்கு.

அன்றைக்கு என் கையில் 1,150 ரூபாய் இருந்தது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமே நாங்கள் கிளம்பியிருக்கலாம்.

நான்தான் மாட்டேன் என்றேன். பார்வை போய்க்கொண்டிருக்கிறவளை நூறு பேரோடு கீழ்த்தளத்தில், வாந்தி நாற்றத்தில் கூட்டிப் போவதா? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை போகிறோம், ஜன்னல் வைத்த கேபினில் ராணி மாதிரி போகட்டும் என்று எனக்கு ஆசை. அமலா சண்டை போட்டாள். "பங்க்குன்னா இன்னா, படுக்க எடம் இருந்தா போதாதா? நான் பாக்கப் போறது கப்பலையா, தண்ணியையா?" என்றாள். நான் கேட்டால்தானே. மாதம் அறுபது ரூபாய் ஒதுக்கினேன். ஒவ்வொரு மாதமும் அவளுக்கு ஓரத்தில் கொஞ்சம் மறைந்தது. முதலில் சைக்கிள் ஓட்டுவதை விட்டாள். அப்புறம் எம்பிராய்டரியை விட்டாள். நான் ஒதுக்குவதை விடவில்லை.

1984 பிப்ரவரியில் பணம் சேர்ந்தது. மெட்ராஸில் இருந்த நண்பர் ஒருவர் தெரிந்தவர்களிடம் சொல்லி எங்களுக்குக் கேபின் டிக்கெட் வாங்கி வைத்தார். காலை 5.15 பஸ், 162 கிலோமீட்டர், ஆளுக்குப் பதினான்கு ரூபாய். ஒன்பதரைக்கு மெட்ராஸ், பத்தரைக்குத் துறைமுகம். அமலாவுக்குப் பகல் வெளிச்சத்தில் நேர் எதிரே இருப்பது அப்போது தெரியும். ஒரு பூட்டுத் துவாரம் அளவுக்கு என்பாள். அந்தத் துவாரம் போதும், தண்ணீரைப் பார்த்துவிடலாம் என்று உற்சாகமாக வந்தாள். புதுச் செருப்பு வேறு.

கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். பெயர், வயது, ஊர், தேசியம். இங்கே என் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். 1962ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து, எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விருப்பம் என்று கேட்டபோது பிரெஞ்சு என்று எழுதிக் கொடுத்தார். அப்போது சின்னப் பையனான எனக்கும் அதுவே ஆயிற்று. நான் பிரான்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை. நாலு வார்த்தை பிரெஞ்சு பேசினால் ஐந்தாவதில் தமிழ் வந்துவிடும். ஆனால் எந்தத் தாளிலும் தேசியம் என்று ஓர் இடம் வந்தால் கொட்டை எழுத்தில் 'ஃப்ரான்சே' என்று எழுதுவது எங்கள் வீட்டு வழக்கம். அது மாதா கோயில் பங்குச் சங்கத்து நோட்டாக இருந்தாலும் சரி. ஓரிடத்தில் மாற்றி எழுதினாலும் கோன்சுலாவில், அதாவது பிரெஞ்சுத் தூதரகத்தில், பெயரை அடித்துவிடுவார்கள் என்று அப்பா பயமுறுத்தியே வளர்த்தார். பயம் பாதி, பெருமை பாதி. பெருமைதான் கூட என்று நினைக்கிறேன்.

அமலா கடலூர்ப் பெண், கல்யாணத்துக்குப் பிறகும் இந்தியக் குடிமகள்தான். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள் என் பேனா சரியாக விழுந்திருக்கிறது.

"ஏங்க, இந்தியன்னே எழுதிட்டுப் போங்களேன். யாரு கேக்கப் போறா?"

"அதெப்படி?" என்று சொல்லி எழுதி முடித்து, கீழே ஒரு கோடும் போட்டேன்.

தாளை வாங்கிய அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ஃபாரினரா சார்?"

"பாண்டிச்சேரி."

"பாண்டிச்சேரி இந்தியாதானே?"

"பாண்டிச்சேரி இந்தியாதான் சார். நான்தான் பிரெஞ்சு."

அவர் சிரித்தார். பாஸ்போர்ட்டைக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தமான் தடை செய்யப்பட்ட பகுதி, வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி அனுமதி வேண்டும், அது கையில் இல்லாமல் ஏற்ற முடியாது. நல்ல மனிதர், கோபப்படவே இல்லை. "அம்மா இந்தியன்தானே, அவங்க தாராளமா போலாம்" என்றார். முப்பத்தைந்து வருடம் நெல்லித்தோப்பில் குடியிருந்தவனுக்குத் தான் வெளிநாட்டுக்காரன் என்பது தோன்றவே இல்லை. கொட்டை எழுத்தில் எழுதத் தெரிந்தது, அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

"நீயாவது போய்ட்டு வா அமலா" என்றேன். "அங்க யாராவது தமிழ்க் குடும்பமா இருப்பாங்க, சேர்த்து விடறேன்."

"உங்கள இங்க வுட்டுட்டு அங்க போய் யாருகிட்ட காட்டி, 'பாருங்க, பாருங்க'ன்னு சொல்றது?" என்றாள்.

கப்பல் மதியம் இரண்டுக்குப் புறப்பட்டது. போகலாம் என்றதற்கு வரமாட்டேன் என்று நின்றாள். அது துறைமுகச் சுவரைத் தாண்டும் வரை தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்தாள். "கப்பலயாவது பாத்தேன்" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்று வரைக்கும் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அனுமதிக்கு விண்ணப்பம் எழுதினேன். டில்லிக்குப் போய்த் திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று. வந்தபோது மழைக்காலம். அதற்கப்புறம் கப்பல் பழுது பார்க்கப் போயிருக்கிறது என்றார்கள். அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "காலண்டர எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். அது அவள் முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது.

பிறகு எதற்குப் போனீர்கள் என்று கேட்பீர்கள். அவளும் கேட்டாள். "போவணுமா?" என்றாள். டிக்கெட் வாங்கிவிட்டேன் என்று பொய் சொல்லி, அப்புறம் போய் வாங்கினேன். போகாமல் இருந்தால் நான் தள்ளிப்போட்டது இனித் திருத்தவே முடியாத தப்பாகிவிடும் என்று பயந்தேன். 1985 மார்ச்சில் கிளம்பினோம். கேபினில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அந்த ஜன்னலுக்காகத்தான் இரண்டு வருடம் சேர்த்தேன். அவள் வட்டக் கண்ணாடியில் கன்னத்தை வைத்து, "வெயில் அடிக்குது போலருக்கு" என்றாள். 66 மணி நேரப் பயணம். கீழ்த்தளத்துக்கு ஒரு தடவை இறங்கிப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. குடும்பங்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

போர்ட் பிளேரில் அறை நாளுக்கு அறுபது ரூபாய். போலீஸில் என் பெயரைப் பதிய இருபது நிமிடம். மூன்றாம் நாள் காலை வண்டூருக்கு பஸ், 29 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து படகுக்கு ஆளுக்கு நாற்பது ரூபாய். பன்னிரண்டு பேர் ஏறினோம், முக்கால்வாசி வங்காளிகள், ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். படகுக்காரர் ராமநாதபுரத்துக்காரர். எங்கள் தமிழைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம்.

"அக்காவ இந்தப் பக்கம் உக்கார வையுங்கண்ணே, இங்கருந்துதான் நல்லாத் தெரியும்" என்றார். உட்கார வைத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சின்னத் தீவுக்கு அருகில் இன்ஜினை நிறுத்தினார்.

"வந்துடுச்சா?" என்றாள் அமலா.

"வந்துடுச்சு."

"காலண்டர்ல இருந்த நெறந்தானா?"

நான் குனிந்து பார்த்தேன். கலங்கலாக இருந்திருக்கக் கூடாதா! எங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரி மண் நிறமாக, ஒன்றுக்கும் ஆகாததாக இருந்திருந்தால் கடவுளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

"அட, எல்லாம் பெயின்ட்டு" என்றேன். "நம்மூரு கடல் மாதிரிதான் இருக்குது. வந்ததே தண்டம்."

அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"அப்ப ஏன் படகுல அத்தினி பேரும் பேச்ச நிறுத்திட்டாங்க?" என்றாள்.

"இன்ஜின நிறுத்திட்டாங்க இல்ல, அதான்" என்றேன். அவள் "சரி" என்றாள்.

இனி, கேட்டவருக்குப் பதில். குறைந்த பட்ஜெட்டில் போக முடியுமா என்றால், முடியும். அதிலேயே போங்கள். கையில் இருக்கிற பணத்துக்கு எந்தப் படுக்கை கிடைக்குமோ அதில் படுத்துக்கொண்டு போங்கள், நல்ல ஜன்னலுக்காகக் காத்திருக்காதீர்கள். நல்ல செருப்பும் வேண்டாம், அங்கே கழற்றிவிடத்தான் போகிறீர்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் என்ன அனுமதி வேண்டுமென்று கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர் பார்க்கணும் என்று சொன்னால் அந்த வாரமே கிளம்புங்கள்.

தண்ணீர் நிஜமாகவே அந்த நிறமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆமாம், அதே நிறம்தான். கரையோரம் பச்சை, போகப் போக நீலம், காலண்டரில் ஒரு பொட்டு கூடப் பொய்யில்லை. இப்போது அமலா அடுத்த அறையில் உட்கார்ந்து, அரை மணி நேரமாக என்னத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். மருந்துக் கடைக் கணக்கு என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கடையை மூடிப் பல வருடமாயிற்று என்பது அவளுக்கும் தெரியும். "சரி" என்கிறாள்.