என்னை முடுக்கிய நாள்

சேலத்திலிருந்து வந்த சார் இருந்தார். எங்கள் அறிவியல் டீச்சர் இருந்தார். காப்பி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதுகிற ரைட்டர் இருந்தார். ரைட்டர் மகள் இருந்தாள், என்னோடு ஏழாவது படித்தவள். என் அப்பா இருந்தார், வகுப்புக்கு வெளியே, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. நான் இருந்தேன். மற்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சேலத்தில் ஒரு விடுதிப் பள்ளி. சோறு, துணி, பன்னிரண்டாவது வரை படிப்பு, எல்லாம் இனாம். எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை எடுப்பார்கள். எழுதின பரீட்சையில் நானும் ரைட்டர் மகளும் சமமாக வந்துவிட்டோம். அதனால் அந்த சார் நேரில் கேட்டுப் பார்க்க மலைக்கு வந்தார். எங்கள் பள்ளி எட்டாவதோடு முடியும். கூலிக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் எட்டு முடித்த பெண்கள் எல்லாம் காப்பிப் பழம் பறிக்கத்தான் போனார்கள். எனக்கு அந்த சீட்டு வேண்டும்.

காலையில் அப்பா சொன்னார். "கேட்டா வாயத் தொறந்து சொல்லிப்போடு கண்ணு. பேசாம நின்னீன்னா ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்குவாங்க."

அப்பா ரைட்டருக்குக் கீழே வேலை பார்த்தவர். ஆளைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் ரைட்டர் கையில்.

சார் என்னிடம், வேகம்னா என்ன என்றார். தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வருவது என்றேன். சரி என்றார். ரைட்டர் மகளிடம் திசைவேகம் கேட்டார். இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகுத்தால் வருவது என்றாள். அதுவும் சரி.

"முடுக்கம்னா?" என்றார் என்னிடம்.

அந்தப் பாடம் நடந்த வாரம் பழம் பறிப்பு. நான் பள்ளிக்குப் போகவில்லை. பிறகு புத்தகத்தைப் பார்த்தேன். வேகம், திசைவேகம் இரண்டையும் மனப்பாடம் செய்தேன். முடுக்கம் என்ற இடத்தில் நிற்கவில்லை. தெரிந்த சொல்தானே என்று தாண்டிவிட்டேன். எங்கள் பக்கம் முடுக்குவது என்றால் விரட்டுவது. ஆடு மேய வந்தால் முடுக்குவோம். குரங்கு வந்தால் முடுக்குவோம். இன்றைக்கும் காப்பிக் களத்தில் என் வேலையில் பாதி அதுதான்.

வாயைத் திறந்து சொன்னேன்.

"நாய முடுக்கறதுங்க சார்."

ரைட்டர் முதலில் சிரித்தார். பிறகு சார். டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ரைட்டர் சிரிப்பதைப் பார்த்து ஜன்னலில் அப்பாவும் சிரித்தார். என்ன கேட்டார்கள் என்றே அவருக்குத் தெரியாது.

"அப்படியா சாமி," என்றார் சார். "அப்ப உன்னையே முடுக்கிப் பாத்துரலாம். எல்லாரும் வெளிய வாங்க."

வெளியே மஞ்சு மூட்டமாக இறங்கியிருந்தது. படியிலிருந்து கேட் வரை நாற்பது மீட்டர், ஸ்போர்ட்ஸுக்கு அளந்தது என்று டீச்சர் சொன்னார். சார் போனில் நேரம் பார்க்கிறதை எடுத்து வைத்துக்கொண்டார். அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, உங்க ஊர்ல நாய எப்படி முடுக்குவீங்க? அப்படியே இவள முடுக்குங்க. கேட் வரைக்கும் போயிட்டு இங்கயே வரணும்."

அப்பா ரைட்டரைப் பார்த்தார்.

"சார் சொல்றாருல்ல. முடுக்குய்யா," என்றார் ரைட்டர்.

அப்பா கையைத் தட்டினார். "ச்சூ," என்றார், மெதுவாக.

"நாய் காதக்கூட ஆட்டலியேய்யா," என்றார் ரைட்டர். மறுபடி சிரிப்பு. ரைட்டர் மகள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா குனிந்து ஒரு குச்சியை எடுத்தார். சில்வர் ஓக் குச்சி, விரல் தடிமன். "ச்சூ. போ. போ." இந்த முறை நாயை விரட்டுகிற குரலேதான்.

ஓடினேன். காலில் செருப்பு இல்லை. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். இதுவும் பரீட்சை என்று நினைத்தேன். எவ்வளவு வேகமாக ஓடுகிறேனோ அவ்வளவு மார்க். கேட் அருகே திரும்பும்போது சரளையில் சறுக்கி விழுந்தேன். முட்டி கிழிந்தது. எழுந்து ஓடினேன். அப்பா குச்சியோடு பின்னாலேயே வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"நல்லா ஓடு கண்ணு," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. உடனே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ச்சூ."

அவரும் இதைப் பரீட்சை என்றேதான் நினைத்திருந்தார்.

படிக்கு வந்து நின்றேன். இருபது செகண்டு என்றார் சார்.

"பரவால்லியே. முடுக்க முடுக்க வேகம் ஏறுது. இவ சொன்னதும் ஒருவகைல சரிதான் போல."

டீச்சர் சிரித்தார். ஆனால் அதை யாரும் விடையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சரி. கடைசிக் கேள்வி. சரியாச் சொல்றவளுக்கு சீட்டு," என்றார் சார். "போனது நாப்பது மீட்டர். வந்தது நாப்பது. இருவது செகண்டு. மொத்தத்துக்கும் இவளோட திசைவேகம் எத்தன?"

ஓடினவள் நான் என்பதால் என்னை முதலில் கேட்டார். காலில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. எண்பதை இருபதால் வகுத்தேன்.

"நாலுங்க சார்."

அப்பா தலையை ஆட்டினார். சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. நான் கணக்குச் சொன்னதே அவருக்குப் போதும்.

"அது வேகம்," என்றார் சார். ரைட்டர் மகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு."

அவள் என் காலைப் பார்த்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"கெளம்புன எடத்துலயேதானுங்க சார் நிக்கிறா," என்றாள்.

"அப்ப எத்தன?"

"பூஜ்ஜியம்."