வாடாத துளசி

உத்திரமேரூர் பக்கம் ஓர் ஆராய்ச்சித் தோட்டத்தில், வறட்சி துளசியை என்ன செய்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தோம். தொட்டிகளுக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது என்று சட்டம் போட்ட தொப்பைக்கார ஆய்வாளர், தினமும் சாம்பார் சாதம் தின்றுவிட்டு, ஏப்பத்தோடு ஓரத் தொட்டியில்தான் கை கழுவி, வாய் கொப்பளித்துத் துப்புவார். மற்றதெல்லாம் கருகிவிட, அது மட்டும் பச்சையாக நின்றது.

“இதோட ஜீனே வேற மாதிரி வேலை செய்யுது!” என்று பூரித்துப்போய் இலைகளைக் கிள்ளினார்.

“சார், நீங்க டெய்லி அதுலதான் துப்பிக்கினு கீறீங்க” என்றேன்.

“ஒரு வாய்த் தண்ணி இன்னா பண்ணிடும்? எழுதுப்பா, வறட்சி தாங்கும் செடி!”

உண்மையிலேயே நம்பித்தான் சொன்னாரா, தெரியவில்லை. பெருமாள் கோயிலில் பட்டர் துளசி கொடுத்தால், இன்றும் எனக்குச் சாம்பார் வாடைதான் அடிக்கிறது.